சேலத்தில் பிறந்த பறவை ஓவியர்

தலைச்சோலையிலும் அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலைச்சரிவுகளிலும் மரநிழலில் வளரும் காப்பிச் செடிகளைக் காணாதவர் இலர். இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர், 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன். ஏற்காட்டின் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவருடைய மகளின் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

மார்கரெட் காக்பர்ன் 1829-ஆம் ஆண்டு சேலத்தில் பிறந்தார். பின்னர் அக்குடும்பம் நீலகிரியில் உள்ள கோத்தகிரியில் குடியேறியது. மார்கரெட்டின் நெடிய வாழ்வு அம்மலையிலேயே அமைந்தது. அங்கே தோட்டப் பணிகளைக் கவனித்துவந்த அவர், தம்மைச் சுற்றியிருந்த பறவைகளையும் மலர்களையும் நீர்வண்ணத்தில் வரையத் தொடங்கினார். 1858 அளவில் அவர் தீட்டிய நீலகிரிப் பறவை ஓவியங்கள் இன்று இலண்டனில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

விக்டோரியா அரசியின் காலத்தில் விலங்கு, பறவை ஓவியங்களுக்கு இங்கிலாந்தில் பெருமதிப்பு இருந்தது. ஆனால், இந்தியப் பறவைகளை வரைந்த இலண்டன் ஓவியர் பலர் அவற்றை உயிருடன் கண்டதில்லை. கப்பலில் வந்து சேர்ந்த பாடம் செய்த தோல்களே அவர்களுக்கு மாதிரி. உலர்ந்த தோலில் கண்ணின் நிறம் இராது. அலகும் காலும் நிறம் மங்கிவிடும். அப்பறவை கிளையில் எவ்வாறு அமரும், எதைத் தின்னும் என்பதைத் தோல் சொல்லாது. மார்கரெட்டோ பறவைகள் வாழும் இடத்திலேயே வாழ்ந்தார். நீலகிரி நெட்டைக்காலியும் கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானும் அவருக்கு அண்டை வீட்டார்.

தூரிகையோடு அவர் நிற்கவில்லை. கண்டவற்றைக் குறித்தும் வைத்தார். பறவைகளின் கூடு, முட்டை ஆகியவை பற்றிய அவருடைய குறிப்புகளை அக்காலத்தின் முதன்மையான பறவையியலாளர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் பெரிதும் பயன்படுத்திக்கொண்டார். காங்கிரஸ் பேரியக்கத்தின் தொடக்கத்தோடு நாம் நினைவுகூரும் அதே ஹியூம்தான் இவர். 1873-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய இந்தியப் பறவைகளின் கூடுகள், முட்டைகள் பற்றிய நூலில், ‘கோத்தகிரி மிஸ் காக்பர்ன்’ என்னும் பெயர் பலமுறை வருகிறது. ஒரு பறவை எம்மாதத்தில் கூடு கட்டுகிறது, எதைக்கொண்டு கட்டுகிறது, எத்தனை முட்டை இடுகிறது என்பன ஒரு நாளில் தெரிந்துவிடுவன அல்ல. ஒரே புதரை நாடோறும் சென்று பார்ப்பவருக்கே அவை புலப்படும்.

இலண்டன் லின்னேயன் கழகம் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்ததே 1904-ஆம் ஆண்டில்தான். அப்போது மார்கரெட்டுக்கு வயது எழுபத்தைந்து. அறிவியலின் கதவுகள் பெண்களுக்கு மூடியிருந்த காலமெல்லாம் அவர் தம் மலையைப் பார்த்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். 1928-இல், நூறாண்டை எட்டும் நிலையில் மறைந்தார்.

நெடுநாள் படுக்கையில் இருப்போருக்கும், அவர் அருகில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்போருக்கும் உலகம் ஒரு சன்னலின் அளவாகச் சுருங்கிவிடுவதுண்டு. ‘எங்கும் செல்ல முடியவில்லையே’ என்னும் ஏக்கம் இயல்பானது. பறவையைப் பார்ப்பதால் நோய் தீரும் என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆயினும், அதிகம் அலையாமல் ஓரிடத்தில் இருந்தபடியே ஒருவர் எவ்வளவு அறிய முடியும் என்பதற்கு மார்கரெட்டின் வாழ்வு சான்று.

உங்கள் சன்னலுக்கு வெளியே செம்மீசைச் சின்னான் வந்து அமரலாம். தலையில் கூரிய கருங்கொண்டை, கண்ணுக்குப் பின்னே சிறு செம்புள்ளி: இவையே அதன் அடையாளம். அச்செம்புள்ளி இல்லாமல் ஒன்று வந்தால், அது இளம் பறவையாக இருக்கக்கூடும். அடுத்த வாரமும் அது வருகிறதா, எதைக் கொத்துகிறது, துணையோடு வருகிறதா என்று பாருங்கள். நாளும் நேரமும் இட்டு, இரண்டு வரி எழுதிவையுங்கள். கை ஓய்ந்திருந்தால், நீங்கள் சொல்லச் சொல்ல உடனிருப்பவர் எழுதட்டும். மருந்து வேளைகளையும் வெப்பநிலையையும் மட்டுமே பேசிக்கொண்டிருந்த இருவருக்கிடையே அன்று பேசுவதற்கு வேறொன்றும் இருக்கும்.