ஆற்றுக் கப்பல் சுற்றுலா நமக்குச் சரிப்படுமா? கம்ப்யூட்டரில் பார்த்துவிடுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று, இன்டர்நெட்டும் வந்தாயிற்று, பாட்டு கேட்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

அப்பா ஒரகடம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுடன் கம்போடியாவின் அங்கோர்வாட் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. டிராவல் ஏஜென்ட் ஒருவர், "சியம் ரீப்பில் இருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகரம் வரை மேகாங் ஆற்றில் ஏழு இரவு கப்பல். ஓட்டல் மாற வேண்டாம், நடக்கவும் வேண்டாம்" என்றார். அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கள் குன்றத்தூர் முருகன் கோயிலின் 84 படிகளையே இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறுவார். போடப்போவது அப்பாவின் சேமிப்புப் பணம். முன்பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களைச் சரிபார்த்தோம். நீங்களும் இப்படியே செய்யலாம்.

1. ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா?

கூகுளில் நாசா வேர்ல்ட்வியூ என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். இலவச தளம். திரையின் கீழே இருக்கும் தேதியை மாற்றினால், 2000-ம் ஆண்டு முதல் அந்தந்த நாளின் செயற்கைக்கோள் படம் வரும். சியம் ரீப் அருகில் உள்ள டோன்லே சாப் ஏரியை முதலில் ஏப்ரலிலும் பிறகு அக்டோபரிலும் பாருங்கள். மேகம் மறைத்தால் வேறு தேதியைக் கொடுக்கவும். கோடையில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும் ஏரி, மழைக்குப் பின் பல மடங்கு விரியும். மழைக்காலத்தில் மேகாங் வெள்ளம் டோன்லே சாப் ஆற்றையே எதிர்த்திசையில் ஓடவைத்து ஏரியை நிரப்புகிறது. செம்பரம்பாக்கம் ஏரியைக் கோடையிலும் கார்த்திகையிலும் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்.

தண்ணீர் குறைந்தால் பெரிய கப்பல் ஏரிக்குள் வராது. பயணிகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கம்பாங் சாம் ஊருக்குக் கொண்டுபோய், அங்கே கப்பலில் ஏற்றுவார்கள்.

2. பஸ் பயணம் எவ்வளவு?

கூகுள் மேப்ஸில் டைரக்‌ஷன்ஸ் பொத்தானைக் கிளிக் செய்து சியம் ரீப், கம்பாங் சாம் இரண்டையும் கொடுங்கள். சாலை வழி நேரம் தெரியும். சுமார் 5 மணி நேரம்! ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை.

3. நாள் கணக்கு

எக்செல் அல்லது இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறந்து ஐந்து பத்திகள் போடுங்கள்: நாள், ஊர், கப்பல் ஓடும் நேரம், கரையில் இருக்கும் நேரம், படியும் நடையும். பயணத் திட்டத்தைப் பார்த்து நிரப்பி, நேரங்களை ஆட்டோசம் பொத்தானால் கூட்டுங்கள். படிகளைப் பற்றித் திட்டத்தில் இருக்காது. கப்பல் நிறுவனத்துக்கு இ-மெயில் அனுப்பிக் கேளுங்கள். லிப்ட் உண்டா? கரையில் மேடை இல்லாத இடத்தில் எப்படி இறங்குவது? சைவச் சாப்பாடு கிடைக்குமா? விசா, விமானம், டிப்ஸ் கட்டணத்தில் சேருமா? கம்போடியா, வியட்நாம் இரண்டுக்கும் தனித்தனி விசா வேண்டும் என்பதையும் செலவில் சேருங்கள்.

எங்கள் முடிவு

அட்டவணையைப் பார்த்த அம்மா, "கப்பல் சரி, அந்த பஸ் வேண்டாம்பா" என்றார். ஏரி நிறைந்திருக்கும் அக்டோபர், நவம்பரில் போகலாம் என்றேன். அப்பா மறுத்துவிட்டார். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர், ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைப் பூட்டிவிட்டு வரமாட்டார். எனவே செப்டம்பர் கடைசி வாரம். அங்கே அப்போது மழை உண்டு. ஆனால் ஏரியில் தண்ணீரும் இருக்கும். பஸ் கிடையாது என்று கப்பல் நிறுவனத்திடம் இ-மெயிலில் எழுதி வாங்கிய பிறகே முன்பணம் கட்டினோம். அங்கோர்வாட்டின் செங்குத்தான மேல் அடுக்கை அம்மா ஏறப்போவதில்லை. பாற்கடல் கடையும் சிற்பம் கீழ் அடுக்கில்தான் இருக்கிறது. அது போதும் என்கிறார்.

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் ஐரோப்பாவின் ரைன் நதியிலும் கப்பல் தடைபடும். 2018-ல் அப்படி நடந்தது. எனவே எந்த நாட்டு ஆறானாலும், விளம்பரப் படத்தைப் பார்க்கும் முன் நீங்கள் போகும் மாதத்தின் தண்ணீரைப் பாருங்கள்.