விமான அறையும் வளியமுக்கமும்

பம்பலப்பிட்டியிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் சில மைல் சென்றால் இரத்மலானை விமான நிலையத்தை அடையலாம். கட்டுநாயக்கா பெருநிலையமாவதற்கு முன்னர் பிறநாட்டு விமானங்கள் வந்திறங்கிய இடம் அதுவே. இன்றும் அங்கிருந்து எழும் சிறு விமானங்களின் ஒலி, இலக்கண பாடம் நடக்கும் வேளையில் நம் மாணவர் செவிகளுக்குச் சற்று மிகையாகவே கேட்கும். அத்தகைய வேளையொன்றில் மாணவன் ஒருவன் எழுந்து, மேலே காற்றுக் குறைவாயின் விமானத்துள் இருப்போர் எங்ஙனம் மூச்சு விடுகின்றனர் என வினவினான். புணர்ச்சி விதிகளில் அதற்கு விடையில்லை. ஆதலின் விமானம் திருத்துந் தொழிலில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவரை நாடினோம். அவர் விளக்கியவற்றையும், பின்னர் நாம் தேடிக் கற்றவற்றையும் ஈண்டுத் தருகின்றோம்.

நுவரெலியாவுக்குப் பேருந்தில் ஏறும்போது காதடைப்பதை யாவரும் அறிவோம். உயரஞ் செல்லச் செல்ல வளியமுக்கம் குறைவதே காரணம். கடல் மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தலாயிருக்கும் அமுக்கம், 25,000 அடியில் ஏறத்தாழ 5.5 இறாத்தலாகிவிடும். அங்கே மனிதன் நெடுநேரம் தெளிந்த அறிவோடு இருத்தல் இயலாது. நம் நாட்டின் உச்சியாகிய பிதுருதலாகலையின் உயரம் 8,281 அடி. அவ்வளவு உயரத்தை உடல்நலமுடையோர் பெரும்பாலும் தாங்குவர். எனவே வெளியே 25,000 அடி உயரத்துக்குரிய வளி இருப்பினும், உள்ளே ஏறக்குறைய 8,000 அடிக்குரிய அமுக்கம், அஃதாவது 11 இறாத்தல், இருக்குமாறு செய்கின்றனர். பைப்பர் மலிபு போன்ற சிறு தனியார் விமானத்தின் சுவர் தாங்குமாறு அமைக்கப்பட்ட அமுக்க வேறுபாடு 5.5 இறாத்தலே. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். இரத்மலானையிற் பயிற்சிக்குப் பயன்படும் சிறு செசுனாக்களுக்கோ இவ்வேற்பாடு இல்லை. அவை தாழப் பறப்பன.

விமான அறையை இறுக மூடிய பெட்டியெனக் கருதுதல் தவறு. அது வன்னிக் குளம் போன்றது. எஞ்சினால் அமுக்கப்பட்ட வளி, வாய்க்கால் நீர்போல் ஓயாது உள்ளே வருகிறது. வெளியேற்று வால்வு என்னும் மதகு வழியே ஓயாது வெளியேறுகிறது. மதகை எவ்வளவு திறப்பது என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவி தீர்மானிக்கும். மட்டம் மிஞ்சினால் வான் பாய்வதற்குக் காப்பு வால்வு உண்டு. கதவின் ஓரத்து றப்பர்ப் பட்டியும் சுவரின் பொருத்துகளும் அணைக்கட்டு எனலாம்.

குளத்தில் நீர் நில்லாவிடின் கமக்காரன் எவற்றைப் பார்ப்பான்? வாய்க்கால், மதகு, அணை என்னும் மூன்றையுமே. விமானத்திலும் அவ்வாறே. புறப்பட்ட கணம் முதல் அறையின் உயரங்காட்டும் மானி விமானத்தின் உயரத்தோடு ஒத்து ஏறுமாயின், வளி உள்ளே வரவில்லை, அல்லது மதகு முற்றாகத் திறந்து கிடக்கிறது. 2018 செப்டெம்பர் 20ஆம் நாள் மும்பாயிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட ஜெட் எயர்வேய்ஸ் விமானத்தில் வளியை உள்ளே விடும் ஆளியைப் போட மறந்தனர். பயணிகள் 166 பேருள் முப்பதின்மர் வரையிலானோருக்கு மூக்கிலும் காதிலும் குருதி கசிந்தது. விமானம் மும்பாய்க்கே திரும்பியது. பழுது எதுவுமில்லை, வாய்க்கால் திறக்கப்படவில்லை, அவ்வளவே.

எஞ்சின் வலுவாக ஓடும்வரை அமுக்கம் நின்று, இறங்குதற்காக வலுவைக் குறைத்ததும் அது வீழுமாயின் அணையில் ஒழுக்கு இருப்பதாக ஐயுறல் வேண்டும். வரத்து மிகும்போது ஒழுக்குத் தெரிவதில்லை. காதில் விட்டுவிட்டு அடைப்பும் விடுப்பும் தோன்றினால் வால்வு ஒட்டிக்கொள்கிறது, அல்லது கருவியின் வடிகட்டி அடைபட்டிருக்கிறது. ஒழுக்கைக் காண்பது நிலத்தில் நின்றே. புறத்திலிருந்து அளவாக வளியைச் செலுத்தி, கதவோரத்திலும் பொருத்துகளிலும் சவர்க்கார நீரைத் தடவி, குமிழி எழுமிடத்தைக் குறிப்பர். வெள்ளவத்தைச் சைக்கிள் கடைக்காரர் ரியூப்பை நீரில் அமிழ்த்துவதும் இதுவே.

இனி, நம் பழைய மாணவர் குரலைத் தாழ்த்திக் கூறிய செய்திக்கு வருவோம். இவ்வாராய்ச்சியெல்லாம் நிலத்துக்குரியன. மேலே அமுக்கம் குறையும்போது ஆராய்ச்சி செய்யும் மூளையே முதலிற் கெடுகிறது. 25,000 அடியில் அறிவு பயன்படுங் காலம் 3 முதல் 5 நிமிடமே. அப்போது வலியில்லை, பலருக்கு ஒருவகை மகிழ்ச்சியே தோன்றும். பயிற்சிக்கூடத்தில் அமுக்கத்தைக் குறைத்து எழுதச் சொன்னால், எழுத்துச் சிதைந்து கிறுக்கலாகும். எழுதுபவரோ நன்கு எழுதுவதாகவே நினைப்பர். பரீட்சைத் தாள் திருத்தும் நமக்கு இது நன்கு விளங்கிற்று.

2014 செப்டெம்பர் 5ஆம் நாள் டி.பி.எம். 900 என்னும் சிறு தனியார் விமானமொன்று இருவருடன் நியூயோர்க் மாநிலத்திலிருந்து புளோரிடாவுக்குப் பறந்தது. 28,000 அடியில் விமானி, கருவியொன்றின் அறிகுறி சரியில்லையெனக் கூறி 18,000 அடிக்கு இறங்க அனுமதி வேண்டினார். ஆபத்து என்று அவர் அறிவிக்கவில்லை. முதலில் 25,000 அடிக்கே அனுமதி கிடைத்தது. பின்னர் மேலும் இறங்க அனுமதித்தபோது அதனை ஏற்று மறுமொழி கூறினார், விமானம் இறங்கவில்லை. அதன்பின் மறுமொழியும் இல்லை. அருகே பறந்த போர் விமானிகள் அவர் இருக்கையிற் சாய்ந்து கிடக்கக் கண்டனர். விமானம் கியூபாவைத் தானாகவே கடந்து, எரிபொருள் தீர்ந்து, யமேக்காவின் வடகடலில் வீழ்ந்தது.

அவர் கவனமற்றவர் அல்லர். விசாரணையாளர் இரு குறைகளைக் கூறினர். அவ்விமானத்தின் அமுக்க அமைப்பு வேண்டாத வேளையில் நின்றுவிடக்கூடியதாயிருந்தது என்பது ஒன்று. விமானி பின்பற்றவேண்டிய செயல்முறைப் பட்டியல், அவரது மூச்சைக் காப்பதற்கு முன் பழுதைத் தேடுமாறு வகுக்கப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. எழுதியவர் வாக்கியங்களை முன்பின்னாக அடுக்கியதால் உயிர்கள் போயின என்பது, உரைநடை கற்பிக்கும் நம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்தது.

நம் பழைய மாணவர் பேணும் ஒழுங்கு வேறு. ஐயம் எழுந்தவுடன் ஒட்சிசன் முகமூடியை அணிந்துகொள்ளுதல். பின் ஆபத்தென அறிவித்து 10,000 அடிக்கு இறங்குதல். அதன் பின்னரே ஆளியையும் மானியையும் நோக்குதல். புறப்படுமுன் ஒட்சிசன் உருளையின் வால்வு திறந்துள்ளதா என நோக்கி, முகமூடியை அணிந்து ஒருமுறை மூச்சு விட்டுப் பார்த்தல் வேண்டும். இருக்கையிற் கட்டுண்டபடியே அது கைக்கெட்டுகிறதா என்பதையும் அப்போதே அறிந்துகொள்ளலாம்.