சிறுவர்க்கு மௌனப் பயிற்சி

'சும்மா இரு' என்று குழந்தையை அதட்டாத தமிழ் வீடு இருத்தல் அரிது. இதே இரு சொற்களைத்தான் அருணகிரிநாதரும் தாயுமானவரும் ஞானத்தின் உச்ச நிலைக்கு உரியனவாக வழங்கினர். பெரியோர்க்கே எளிதில் கைகூடாத அந்நிலையை ஐந்து வயதுச் சிறுவனுக்குக் கற்பிக்க இயலுமா? பிற மாநிலங்களில் வாழும் நம்மவரில் பலருக்கு இக்கவலை உண்டு. பாலக்காட்டு எல்லையிலுள்ள எருத்தேன்பதியாயினும் சரி, மும்பையின் ஓரறைக் குடியிருப்பாயினும் சரி, பிள்ளைக்கு வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி. நாள் முழுவதும் சொற்களோடு போராடிய மனம் மாலையில் அலைபாய்வதில் வியப்பில்லை. அதை அடக்கக் கருதி, கண்ணை மூடச் செய்து எதிரே காவல் இருக்கிறோம். குழந்தையோ இமையிடுக்கில் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது!

இத்துறையில் நமக்கு வழிகாட்டத் தக்கவர் மரியா மாண்டிசோரி அம்மையார். இத்தாலி நாட்டவரான அவர், பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் 1939இல் சென்னை அடையாறு வந்தார். போர் மூண்டமையால் நாடு திரும்ப இயலவில்லை. 1942 முதல் 1944 வரை, இடுக்கி மலைகளை அடுத்துள்ள கொடைக்கானலில் தங்கிக் குழந்தைகளிடையே பணி புரிந்தார். நம் நாட்டு ஆசிரியர் ஆயிரவர்க்கும் மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி பெற்றனர்.

அவர் முறையில் 'மௌனப் பாடம்' என்று ஒன்றுண்டு. அது பிறந்த வரலாறு சுவையானது. 1907இல் ரோமாபுரியின் ஏழைக் குடியிருப்பொன்றில் அவர் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். ஒருநாள் முற்றத்தில் ஒரு தாயின் கையிலிருந்த நான்கு மாதக் குழந்தையை வாங்கி வகுப்பினுள் கொண்டுவந்தார். 'இக்குழந்தையைப்போல் அசையாதிருக்க உங்களில் எவருக்கும் வராது' என்னும் கருத்துப்பட விளையாட்டாகக் கூறினார். சிறுவர்கள் கால்களை ஒடுக்கினர். குழந்தை எவ்வளவு மெல்ல மூச்சு விடுகிறது என்று காட்டினார். அவர்களும் மூச்சை மென்மையாக்கினர். அதுவரை எவர் காதிலும் விழாத கடிகார ஒலி அறையெங்கும் கேட்டதாம்.

பிறகு அதனை ஒரு முறையாகவே அவர் வகுத்தார். அறையின் வெளிச்சத்தைச் சற்றுக் குறைப்பர். சிறுவர் கை, கால், தலை என ஒவ்வொன்றாக அசைவின்றி நிறுத்துவர். ஆசிரியை அடுத்த அறைக்குச் சென்று, ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் கிசுகிசுப்பாக அழைப்பார். அழைக்கப்பட்ட குழந்தை நாற்காலி ஓசைப்படாமல் எழுந்து, அடிமேல் அடி வைத்து அவரிடம் செல்லும். ஏனையோர் தம் பெயருக்காகச் செவிசாய்த்துக் காத்திருப்பர். 'எதையும் நினையாதே' என்றால் சிறுவனுக்கு ஒன்றும் விளங்காது. 'கேள்' என்றாலோ உடனே விளங்கும். இப்பாடத்தின் நுட்பம் இதுவே என்பது நம் கருத்து. வகுப்பில் கூச்சல் மிகும்போது அதனை அடக்கும் கருவியாக இதைக் கையாளலாகாது என்பதில் அம்மையார் உறுதியாக இருந்தார்.

1901இல் தாகூர் தொடங்கிய சாந்திநிகேதனப் பள்ளியிலும் சிறுவர் காலையும் மாலையும் கால்மணி நேரம் அமைதியாக அமர்ந்தனர். என்ன நினைத்தாய் என்று எவரும் கேட்டதில்லை. ஆந்திரத்து ரிஷிவாலிப் பள்ளியில் மாணவர் சூரியன் மறைவதைப் பேசாது அமர்ந்து காண்பர்.

பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டால் மட்டும் பயன் விளையும் என்று நம்புவதற்கில்லை. பிரிட்டனில் 8,000க்கும் மேற்பட்ட 11 முதல் 14 வயது மாணவரிடையே நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2022இல் வெளியாயிற்று. வகுப்பில் கற்பித்த மனக்கவனப் பயிற்சி, வழக்கமான பாடங்களைவிட மனநலத்தைக் கூடுதலாக வளர்க்கவில்லை என்றே அது கூறுகிறது. வீட்டில் அதைப் பயின்ற மாணவர் மிகக் குறைவு.

ஆதலின் வீட்டில் ஓரிரு நிமிடங்களே போதும். பெற்றோரும் உடன் அமர வேண்டும். மூச்சை அடக்கும் பயிற்சி சிறுவர்க்கு வேண்டா. இயல்பாக வந்து போகும் மூச்சைக் கவனித்தாலே போதுமானது. எருத்தேன்பதிப் பிள்ளைக்குக் கணவாய்க் காற்றில் சலசலக்கும் தென்னையோலை உண்டு. நகரத்துப் பிள்ளைக்கு மின்விசிறியும் தொலைவில் போகும் ரயிலும் உண்டு. எத்தனை ஒலி கேட்டதென்று பின்னர் அது தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். முடிவில் அடுத்த அறையிலிருந்து, பள்ளிப் பதிவேட்டுப் பெயரால் அன்றி, வீட்டில் வழங்கும் செல்லப் பெயரால் மெல்ல அழையுங்கள். பிள்ளைகள் இருவர் மூவராயின் மூத்ததைக் கடைசியில் அழைப்பது நலம். நெடுநேரம் காத்திருக்க வல்லது அதுவே.