பரிந்துபேசலும் வாழ்விட உரிமையும்: சுங்கை சிப்புட் வழங்கும் பாடம்

முன்னுரை

யானைக் காலில் இடறப்படவிருந்த மலையமானின் சிறுவர்களைக் காக்கக் கோவூர்கிழார் கிள்ளிவளவனிடம் பரிந்து பேசியதைப் புறநானூற்றின் 46ஆம் பாடலால் அறிகிறோம். வலியோர் முன் எளியோர்க்காகப் பேசுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. ஆயினும் அங்கே பேசுபவர் புலவர்; கேட்பவர் வேந்தர்; சிறுவர்களோ ஏதுமறியாது திகைத்து நிற்கின்றனர். பாதிக்கப்பட்டோர் தாமே பேசும் நிலை எவ்வாறு உருவாகிறது என்பதைப் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தை முன்வைத்து இக்கட்டுரையில் விளக்க முனைகிறோம்.

வேலையோடு பிணைந்த வீடு

இரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருந்த வீடு நிர்வாகத்தின் உடைமை. வேலை போனால் வீடும் போகும். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடுகாடும் அதே நிலத்தில் அமைந்திருந்தமையால், தோட்டம் கைமாறும்பொழுது ஒரு சமூகத்தின் வாழ்வே ஆட்டங்கண்டது. 1950களில் ஐரோப்பிய நிறுவனங்கள் விற்ற தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி மறுவிற்பனை செய்த 'துண்டாடல்' இவ்வவலத்தைப் பெருக்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அசீஸ், 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை விரிவாக ஆராய்ந்தார்.

மூன்று வழிமுறைகள்

இச்சிக்கலை எதிர்கொண்ட முயற்சிகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, நிலத்தை வாங்குதல். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டி, 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. கூலியாக இருந்தவர் பங்குதாரரானார். எனினும் விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அனைத்தையும் வாங்குதல் எந்தச் சங்கத்திற்கும் இயலாததாகும்.

இரண்டாவது, கூட்டுப்பேரம். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், பி. பி. நாராயணன் தலைமையில் கூலியையும் வேலை நிலைமைகளையும் பேசி உடன்படிக்கைகள் கண்டது. வீட்டின் உரிமையோ முதலாளியிடமே தங்கியது.

மூன்றாவது, உரிமைக்கான பொதுப் பரப்புரை. மருத்துவர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜ் முதலானோர் பங்காற்றிய 'அலைகள்' அமைப்பு இவ்வழியில் இயங்கியது. தொழிலாளரே குழு அமைத்து, சட்டத்தை அறிந்து, மனு எழுதி, அதிகாரிகள் முன் தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கப் பயிலுதல் இதன் சிறப்பியல்பாகும். ஜெயக்குமார் 2008 பொதுத்தேர்தலில் சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராகி 2018 வரை பணியாற்றினார். 2011 சூலையில் அவரும் மலேசிய சோசலிசக் கட்சியினர் ஐவரும் அவசரகாலச் சட்டத்தின்கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். பரிந்துபேசலுக்கும் விலையுண்டு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

சட்டத்தின் எல்லை

1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம், முதலாளி தரும் வீட்டின் தரத்தையும் வசதிகளையும் வரையறுத்தது. அவ்வீடு தொழிலாளிக்கே சொந்தமாகும் என அது கூறவில்லை. 2013இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட்டாக இருந்தது. அது வருமானத்திற்குத் தளம் அமைத்தது. பணி ஓய்வு பெற்றவரின் கூரைக்கு அன்று. தரம் வேறு, உடைமை வேறு என்னும் இவ்வேறுபாட்டை உணராதவர், சட்டம் இருந்தும் தாம் கைவிடப்பட்டது ஏன் என்று அறியாமலே வெளியேற நேரிடும்.

முடிவுரை

இவ்விடத்தில் தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் பணியுண்டு. நீண்டகாலக் குடியிருப்பை நிறுவப் பழைய சம்பளச் சீட்டு, பிறப்புப் பத்திரம், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் கணக்கேடு ஆகியன சான்றாக உதவக்கூடும். தோட்டம் மறையும்பொழுது முதலில் அழிவன இவையே. இவற்றைத் திரட்டிக் காத்தலும், மாணவர்க்கு மனு எழுதப் பயிற்றுதலும் மொழிக்கல்வியின் புறத்தே நிற்பன அல்ல. கோவூர்கிழார் பேசினார். இன்று அவர் வழிவந்தோர் செய்யத்தக்கது, பேசவேண்டியவரின் கையில் சான்றையும் சொல்லையும் சேர்ப்பதே என்பது நம் கருத்தாகும்.