சாலரேட்டஸ்: மரச்சாம்பலிலிருந்து ஆப்ப சோடா வரை

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சமையலறைகளில் பைகார்பனேட் உப்புக்கு வழங்கிய பெயர் சாலரேட்டஸ். முதலில் பொட்டாசியம் பைகார்பனேட்டுக்கு இருந்த இப்பெயர், பின்னர் சோடியம் பைகார்பனேட்டுக்கும், அதாவது ஆப்ப சோடாவுக்கும் உரியதாயிற்று.

தொடக்கக்கால சாலரேட்டஸின் மூலப்பொருள் மரச்சாம்பல். சாம்பலை நீரில் ஊறவைத்து, வடித்த காரநீரைக் காய்ச்சினால் பொட்டாஷ் கிடைக்கும். அதைச் சுட்டுத் தூய்மையாக்கிய வெண்ணிறப் பொருள் 'பேர்ல் ஆஷ்' எனப்பட்டது. வேதியியலில் அது பொட்டாசியம் கார்பனேட். 1796-இல் வெளிவந்த அமீலியா சிம்மன்ஸின் 'அமெரிக்கன் குக்கரி' என்ற சமையல் நூலிலேயே மாவை உப்பவைக்க அது இடம்பெற்றுள்ளது. ஆனால் அதன் காரம் கடுமையானது. கூடிப்போனால் பண்டம் கசந்துவிடும்.

பேர்ல் ஆஷில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றியபோது காரம் தணிந்த பைகார்பனேட் கிடைத்தது. அதே அளவு அமிலத்தோடு சேரும்போது கார்பனேட்டைவிட இரு மடங்கு வாயுவை இது வெளியிடும். புளித்த மோரோ வெல்லப்பாகோ அமிலத்தைத் தரும். எழும் வாயுக் குமிழிகள் மாவை உப்பவைக்கும். ஈஸ்ட் கலந்த மாவு புளிக்க மணிக்கணக்கில் ஆகும். சாலரேட்டஸ் சேர்த்த மாவையோ உடனே அடுப்பில் வைக்கலாம். தாமதித்தால் வாயு வெளியேறிவிடும்.

மேற்கு நோக்கி ஆரிகன் பாதையில் வண்டிகளில் சென்ற குடியேறிகள், வயோமிங்கில் இண்டிபெண்டன்ஸ் பாறைக்கு அருகிலிருந்த கார ஏரிகளின் கரையில் வெண்மையாகப் படிந்திருந்த உப்பை அள்ளி ரொட்டி சுட்டார்கள். அதையும் சாலரேட்டஸ் என்றே அழைத்தார்கள். ஆனால் அந்தக் காரநீரைக் குடித்த மாடுகள் நோயுற்று மாண்டன.

1846-இல் ஜான் டுவைட்டும் ஆஸ்டின் சர்ச்சும் அமெரிக்காவில் சோடியம் பைகார்பனேட் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். 1860-களில் பெல்ஜியத்தின் எர்னஸ்ட் சோல்வே உப்பு, சுண்ணாம்புக்கல், அமோனியா ஆகியவற்றைக் கொண்டு சோடா தயாரிக்கும் முறையை உருவாக்கினார். மரங்களை எரிக்கத் தேவையில்லாமல் போனது. அமிலப்பொருளையும் சேர்த்தே விற்கப்பட்ட பேக்கிங் பவுடர் பரவியதும் சாலரேட்டஸ் என்ற பெயர் வழக்கொழிந்தது.

பொருளின் பயன் மட்டும் குறையவில்லை. ஆப்பத்துக்கும் கேக்குக்கும் மென்மை தருவது இதுவே. வயிற்றில் மிகும் அமிலத்தை இது தணிக்கும். எனினும் இதில் சோடியம் இருப்பதால், உயர் ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளக் கூடாது. பாத்திரக் கறையைக் கீறலின்றித் தேய்க்கவும், குளிர்சாதனப் பெட்டியின் வாடையைக் குறைக்கவும் இது உதவுகிறது. எண்ணெய்த் தீயை அணைக்கும் சில உலர்தூள் கருவிகளில் நிரப்பப்படுவதும் இதே உப்புதான்.