முதிய குதிரைகளுக்கு வேண்டிய தாது உப்புக்களும் ஜீவசத்துக்களும்

குதிரை வண்டிகள் அருகிவிட்டனவாயினும், ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசுவாமி திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் இன்றும் குதிரைகள் விலையாகின்றன. நெல்லும் மாடும் பழகிய சோழவரம் போன்ற பிரதேசங்களில் குதிரை வளர்ப்போர், மாட்டிற்கு இடும் வைக்கோலையும் தவிட்டையுமே அதற்கும் இட எண்ணுவது இயல்பு. இளங்குதிரை இதனைச் சிலகாலம் தாங்கக்கூடும். முதிய குதிரைக்கோ இதனால் எலும்பே நலியும்.

வயதும் பல்லும்

15 முதல் 20 வயது கடந்த குதிரையை முதியதெனக் கொள்ளலாம். மேல்வரிசையின் கடைசி வெட்டுப்பல்லில் ஏறக்குறைய 10 வயதில் தோன்றும் பள்ளக்கோடு, 20 வயதளவில் பல்லின் அடிவரை எட்டும். கடைவாய்ப் பற்கள் தேய்ந்தும் ஓரங்கள் கூராகியும் இருப்பின், குதிரை புல்லை மென்று உருண்டையாகக் கீழே உமிழும். அந்நிலையில் எத்துணைச் சத்து மாவு வாங்கிக் கொடுப்பினும் பயனில்லை. முதலில் கால்நடை மருத்துவரைக் கொண்டு பற்களை அராவுவித்தல் வேண்டும்.

தவிட்டால் வரும் கேடு

குதிரையின் ஆகாரத்தில் சுண்ணாம்புச் சத்து பாஸ்வரத்திற்குக் குறையாமலும், கூடியவரை அதனினும் ஒன்றரை மடங்காகவும் இருத்தல் நன்று. 1 கிலோ அரிசித் தவிட்டில் பாஸ்வரம் ஏறக்குறைய 15 கிராம் உண்டு. சுண்ணாம்புச் சத்தோ 1 கிராம் அளவே. இக்குறையை ஈடுசெய்ய உடல் தன் எலும்பிலுள்ள சுண்ணாம்பை எடுத்துக்கொள்கிறது. அதனால் முகவெலும்பு இருபுறமும் வீங்கும், பற்கள் ஆடும், குதிரை ஒருகால் மாறி ஒருகால் நொண்டும்.

கொழுக்கட்டைப் புல்லிலும் நேப்பியர் புல்லிலும் உள்ள ஆக்ஸலேட் என்னும் பொருள், சுண்ணாம்பைக் குடலில் சேரவிடாது பற்றிக்கொள்ளும். மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அப்பொருளைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அவ்விரைப்பை இல்லை. மாட்டிற்கு உகந்த புல் குதிரைக்கு ஒவ்வாததன் காரணம் இதுவே.

கொடுக்கும் முறை

பெயருக்கேற்பக் குதிரைமசால் சுண்ணாம்புச் சத்து மிக்கது. அதனை நறுக்கிக் கொடுக்கலாம். கொள்ளை வேகவைத்து மசித்துக் கொடுத்தால் தேய்ந்த பல்லுக்கும் எளிது. தவிட்டைத் தவிர்க்க இயலாதார், 1 கிலோ தவிட்டுக்கு 35 முதல் 40 கிராம் தீவனச் சுண்ணாம்புக்கல் தூளைச் சேர்க்க வேண்டும். நீற்றின சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்குமாதலின் ஆகாது. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாள்தோறும் 12 முதல் 15 கிராம் உப்புப் போதும். வியர்க்க உழைத்தால் கூட்டலாம். சிறுநீரகம் கெட்ட குதிரைக்குச் சுண்ணாம்பு மிகுதலும் தீங்காதலின், மருத்துவர் சோதனைக்குப் பின்னரே இவற்றைத் தொடங்குக.

ஜீவசத்துக்கள்

பசும்புல்லால் ஏ, ஈ ஜீவசத்துக்களும், வெயிலால் டி ஜீவசத்தும் கிடைக்கும். பி வகையைக் குடல் நுண்ணுயிர்களும், சி சத்தைக் கல்லீரலும் உண்டாக்கும். பசுமையின்றி வைக்கோலே தின்னும் முதிய குதிரைக்கு ஏ, ஈ சத்துக்களை மருத்துவர் அளவின்படி கொடுத்தல் அவசியம். ஆனால் பல டப்பாக்களை ஒருங்கே கலத்தல் கூடாது. டி சத்து மிகுந்தால் இரத்தக்குழாய்களிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும். செலினியம் மிகுந்தால் பிடரிமயிரும் வால்மயிரும் உதிர்ந்து குளம்பு பிளக்கும்.

முக்கிய எச்சரிக்கை

சவுண்டல் தழையை ஆடு தின்னலாம்; குதிரைக்குக் கொடுத்தால் மயிர் உதிரும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் சேரும் மொனென்சின் என்னும் மருந்து, சிறிதளவே உட்சென்றாலும் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். ஆகவே அம்மூட்டைகளைக் குதிரைத் தீவனத்தினின்றும் வேறிடத்தில் வைத்தல் வேண்டும்.

ஐயமுள்ளோர் அருகிலுள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகத்தையோ, மாதவரத்திலுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தையோ நாடலாம். கிராம அதிகாரிகள் இச்செய்தியைக் குதிரை வளர்ப்போர்க்குப் படித்துக் காட்டுவாராக. பல ஆண்டு உழைத்த பிராணியின் முதுமையைப் பேணுதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பல்லைப் பார்த்தலும், தவிட்டைக் குறைத்தலும், பசுந்தழை இடுதலுமே போதுமானவை.