தலைக்கணக்கும் வாக்காளர் கணக்கும்

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 2 கோடியே 91 இலட்சம் மக்களுள் ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிய மொழி வழங்கும் நாடுகளின் வழிவந்தோர், 39.3 விழுக்காட்டினராகவும், ஹிஸ்பானியர் அல்லாத வெள்ளையர் 39.7 விழுக்காட்டினராகவும் இருந்தனர். ஆயினும் வாக்களிக்கத் தகுதியுடையோருள், அதாவது 18 வயது நிறைந்த குடிமக்களுள், ஹிஸ்பானியரின் பங்கு அக்காலத்தில் சுமார் 30 விழுக்காடாகவே இருந்தது. அச்சமூகத்தில் சிறார் மிகுதி என்பதும், குடியேறியோருள் பலர் இன்னும் குடியுரிமை பெறவில்லை என்பதுமே இந்த இடைவெளிக்கு முதன்மைக் காரணங்கள். இவை சட்டம் வகுத்த எல்லைகள். எனினும், வாக்கில்லாதோருக்கும் பிரதிநிதி உண்டு என்னும் கருத்தில், மொத்த மக்கள்தொகையைக் கொண்டு தொகுதிகளை வகுப்பது செல்லும் என 2016இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

தகுதி இருந்தும் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் நிலையே உண்மையில் அஞ்சத்தக்கது. 2019 ஜனவரியில், குடிமக்கள் அல்லாதோராக இருக்கலாம் என்று ஐயுற்று ஏறத்தாழ 95,000 வாக்காளர்களின் பெயர்களை டெக்சஸ் மாநில அரசு பட்டியலிட்டது. ஓட்டுநர் உரிமம் பெற்றபோது அளித்த ஆவணங்களோடு வாக்காளர் பட்டியலை ஒப்பிட்டு அப்பெயர்கள் எடுக்கப்பட்டிருந்தன; உரிமம் வாங்கியபின் குடியுரிமை பெற்றவர் அச்செய்தியை உரிம அலுவலகத்திற்கு உடனே தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால், பழைய பதிவு அவரை வெளிநாட்டவராகவே காட்டிக்கொண்டிருந்தது. சில நாள்களிலேயே பல்லாயிரம் பெயர்கள் தவறாகச் சேர்ந்தவை எனத் தெரியவந்தது. வழக்குகள் தொடுக்கப்பட, அவ்வாண்டு ஏப்ரலில் அத்திட்டம் கைவிடப்பட்டது. பிறப்பால் குடிமகனாக இருப்பவர் இவ்வகை ஒப்பீட்டில் சிக்குவது அரிது; குடியேறிக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தவரே சிக்குவார். ஆகவே இப்பிழையின் சுமை எல்லா இனத்தார்மீதும் சமமாக விழவில்லை. டாலஸ், ஹூஸ்டன் நகரங்களில் குடியுரிமை பெற்று வாழும் தமிழரும் இதற்கு விலக்கல்லர்.

குடியுரிமை பெற்றவர் தம் உரிமப் பதிவைத் திருத்திக்கொள்வதும், தேர்தலுக்கு 30 நாள் முன்னரே வாக்காளர் பதிவை முடித்து, பெயர் நீடிக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வதும் நலம். குடியுரிமைச் சான்று கேட்டு அறிவிப்பு வந்தால் 30 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். அதைப் புறக்கணித்தலே பெயர் நீக்கத்திற்கு வழி திறக்கும். வாக்குச்சாவடியில் பெயர் இல்லையெனினும் தற்காலிக வாக்குச்சீட்டை, அதாவது தகுதியைச் சரிபார்த்தபின் எண்ணப்படும் சீட்டை, கேட்டுப் பெறும் உரிமை உண்டு. கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாக வசிக்கும் அனுமதி, மட்டுமே உடையவர் யார் வற்புறுத்தினாலும் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கையொப்பமிடலாகாது. குடிமகன் என்று பொய்யாக உரைத்தல் நாடுகடத்தலுக்கே இட்டுச்செல்லக்கூடும்.

ஆங்கிலம் அறியாதவர் தாம் விரும்பும் ஒருவரை வாக்குச்சாவடிக்குத் துணையாக அழைத்துச் செல்ல அமெரிக்க வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு இடமளிக்கிறது. பணியளிப்பவரும் தொழிற்சங்கப் பொறுப்பாளரும் அவர்தம் முகவர்களும் மட்டுமே அதற்கு விலக்கு. மொழிபெயர்ப்பவர் வாக்களிப்பவரின் மாவட்டத்திலேயே வாக்காளராக இருக்க வேண்டும் என்னும் டெக்சஸ் விதியால், வங்காள மொழி பேசும் ஒரு தாய்க்குத் தம் மகனின் துணை 2014இல் மறுக்கப்பட்டது. அவ்விதி 208ஆம் பிரிவுக்கு முரணானது என்று 2017இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.